சொற்பரீட்சையும் நம் பிள்ளைகளும்

(பாளையங்கோட்டையில் கூடிய நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மேல்நாட்டுச் சர்வகலாசாலைகளில் மேற்பட்டப் படிப்புக்குச் சேர விழைவோர் எழுதும் ஜி.ஆர்.இ. என்னும் பரீட்சையில், சொற்பகுதியில் மதிப்பெண் உயர்வதற்குரிய வழி யாது என்பதே இன்று நமக்குக் குறிக்கப்பட்ட விஷயமாகும். ஒரு சங்கத்தார் கூடிப் பேசுதற்கு இஃது மிகச் சிறிய விஷயமன்றோ எனச் சிலர் எண்ணக்கூடும். சிறிதன்று என்பதை ஒரு குடும்பத்தின் நிலையைச் சொல்லித் தொடங்குகின்றோம்.

நம் சமூகத்துப் பெண்ணொருத்தி, பொறியியலில் நல்ல தேர்ச்சி பெற்றவள், இப்பரீட்சைக்குச் சென்றாள். அவள் தந்தையார் ஆற்றுப்பாசன வயலொன்றை ஒற்றி வைத்தே அவளுடைய மேற்படிப்பு முயற்சிக்குப் பணம் சேகரித்தார். பரீட்சைக் கட்டணம் மாத்திரமே இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். கணிதப் பகுதியில் அவள் ஏறத்தாழ முழு மதிப்பெண் பெற்றாள். சொற்பகுதியிலோ மிகத் தாழ்ந்தாள். மறுமுறை எழுதலாமே என்று நாம் சொன்னபொழுது, "எனக்கு இங்கிலீஷ் வராது, மாமா, அது டவுனில் கான்வென்டில் படித்தவர்களுக்குத்தான்" என்று சொல்லி விண்ணப்பத்தையே விட்டுவிட்டாள். அவளைத் தடுத்தது மதிப்பெண் அன்று. அந்த ஒரு வாக்கியமே. அவ்வாக்கியம் பொய் என்று காட்டுதலே நம் பிரசங்கத்தின் நோக்கம்.

முதலில் பரீட்சையின் இயல்பை அறிவோம். இஃது அமெரிக்க தேசத்தில் 1936-ஆம் ஆண்டு, ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு கலாசாலைகளைக் கொண்டு சோதனையாகத் தொடங்கியது. 1947-இல் ஸ்தாபிக்கப்பட்ட ஈ.டி.எஸ். என்னும் ஸ்தாபனம் பின்னர் அதனை ஏற்று நடத்தி வருகின்றது. சொற்பகுதிக்கு மதிப்பெண் 130 முதல் 170 வரை. 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் பரீட்சை சுருக்கப்பட்டபின், அப்பகுதியில் இரண்டு பிரிவுகள் உள: 12 வினாக்களுக்கு 18 நிமிஷம், 15 வினாக்களுக்கு 23 நிமிஷம், ஆக 27 வினாக்கள், 41 நிமிஷம். முதற்பிரிவில் நாம் விடையளித்த தன்மையை நோக்கி இரண்டாம் பிரிவின் கடுமையைக் கணினியே நிர்ணயிக்கின்றது. வினாக்கள் மூவகைப்படும். ஒரு பத்தியைப் படித்துப் பொருள் கூறல் ஒன்று. வாக்கியத்தில் விடுபட்ட சொற்களை நிரப்பல் மற்றொன்று. ஆறு சொற்களுள் ஒரே பொருளைத் தரும் வாக்கியங்களை ஆக்கும் இரண்டைத் தெரிந்தெடுத்தல் மூன்றாவது.

நம் தேசத்திலிருந்து எழுதுவோர் கணிதத்தில் உலகச் சராசரிக்கு மேலும், சொற்பகுதியில் அதற்குக் கீழும் நிற்பது பல்லாண்டுகளாகக் கண்ட உண்மை. காரணம் என்னை? ஆங்கிலம் அந்நிய பாஷை என்பார் பலர். நாம் அதனை முழுதும் ஒப்போம். இக்குறை நேர்வது பெரும்பாலும் படிக்கும் முறையினாலேயே என்பது நம் துணிபு. இதற்கு எம் அநுபவமே சாட்சி.

நாம் இப்பரீட்சையை எழுதியது 1990-களில். அக்காலத்தில் மதிப்பெண் 200 முதல் 800 வரை. எதிர்ச்சொற்களையும் சொல்லிணைகளையும் தனியே கேட்டனர். ஆதலின் ஒரு தடித்த புத்தகத்தின் சொற்பட்டியலை, பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிகண்டு ஒப்பித்தாற்போல, இரவும் பகலும் உருப்போட்டோம். பலன், நானூறைத் தொட்டும் தொடாமலும் ஒரு மதிப்பெண். தனிச்சொற்கள் வந்தவிடத்துத் தப்பினோம்; பத்திகள் வந்தவிடத்து மூழ்கினோம்.

அப்பொழுது எம் பெரியப்பா ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், சேரன்மகாதேவியில் இருந்தார். ஆங்கிலத்தில் அவருக்குப் பழக்கம் குறைவு. அவர் எம்மை நாள்தோறும் மாலையில் அழைத்து, ஆங்கிலத் தினசரியின் தலையங்கத்தில் ஒரேயொரு பத்தியை மெதுவாகப் படிக்கச் சொல்லி, பின் தாளை மூடிவைத்துவிட்டுத் தமிழில் மூன்று கேள்விகள் கேட்பார். "எழுதினவர் என்ன சொல்லுகிறார்? யார் சொன்னதை மறுக்கிறார்? எந்தச் சொல்லில் பேச்சுத் திரும்பியது?" மூன்றாங் கேள்விக்கு விடை கூறாதவரை எழுந்திருக்க விடார். ஐந்து மாதம் இவ்வாறு சென்றது. மறுமுறை எழுதியபொழுது அறுநூறை நெருங்கினோம். ஆங்கிலம் அறியாத பெரியவர் ஒருவரே எம் ஆங்கில மதிப்பெண்ணை உயர்த்தினார் என்பதை இச்சபையில் நன்றியுடன் சொல்லிக்கொள்ளுகின்றோம்.

நிற்க. 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டில் எதிர்ச்சொல்லும் சொல்லிணையும் பரீட்சையினின்று நீக்கப்பட்டன. ஆதலின் இன்று பட்டியலை மாத்திரம் உருப்போடுவோர்க்கு அன்று கிடைத்த சிறு பயனும் இல்லை. சொல் எந்த இடத்தில் எந்தப் பொருளில் நிற்கின்றது என்பதே கேட்கப்படுகின்றது. 'சாங்ஷன்' என்னும் சொல் ஓரிடத்தில் அநுமதி, மற்றோரிடத்தில் தண்டனை. 'குவாலிஃபை' என்பது தகுதி பெறுதல் என்றே நம் பிள்ளைகள் அறிவர். கூறியதை ஒரு வரம்புக்குள் நிறுத்துதல் என்ற பொருளும் அதற்குண்டு. இதில் அதிசயம் யாதுமில்லை. 'நாற்றம்' என்பது பண்டைக் காலத்தில் நறுமணத்தையும் குறித்தது, இன்று குறிப்பது யாது என்பதை நாம் அறிவோமன்றோ?

இனி, வாக்கியத்தின் ஓட்டத்தை அறியும் வழியைப் பார்ப்போம். நன்னூல் பொருள்கோள் எட்டு என வகுத்துள்ளது. நம் தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரையுள்ள அணைக்கட்டுகளும் எட்டே. பாபநாசத்திலிருந்து இறங்கும் நீரை அணைக்கட்டு உண்டாக்குவதில்லை. தடுத்துத் திருப்பிக் காலில் விடுகின்றது. ஆங்கிலத்தில் 'ஆல்தோ', 'ஹௌஎவர்', 'நெவர்தெலெஸ்' முதலிய சொற்கள் இவ்வணைக்கட்டுகளை ஒப்பன. அவற்றைக் காணாது ஓடுபவன் நீர் எந்த வயலுக்குப் போயிற்று என்பதை அறியான். ஓர் உதாரணம் தமிழிலேயே சொல்லுகின்றோம். "ஆசிரியர் வகுப்பில் அதிகம் பேசாதவர், எனினும் கடிதம் எழுதப் புகுந்தாலோ மிகவும்..." என்னும் வாக்கியத்தை நிரப்புக என்றால், 'விரிவானவர்' என்று சிறுவனும் சொல்லுவான். 'எனினும்' என்பதை நீக்கி 'அதுபோலவே' என்று வைத்தால், 'சுருக்கமானவர்' என்பான். இவ்விடையைத் தந்தது அகராதி அறிவன்று. இடையில் நின்ற ஒரு சொல்லை நோக்கிய கவனமே. அக்கவனம் எப்பாஷைக்கும் பொது.

அவ்வாறே, எழுவாய் முதலிலும் பயனிலை கடைசியிலும் நிற்க, இடையில் நான்கு அடைமொழிகள் புகுந்த ஆங்கில வாக்கியத்தைக் கண்டால் அஞ்ச வேண்டா. முதலும் ஈறும் சேர்ந்து பொருள் தரும் விற்பூட்டு அதுவே எனக் கொள்க. இரு முனையையும் பற்றிக்கொண்டால் நடுவில் உள்ளது தானே விளங்கும். செய்யுளைக் கொண்டுகூட்டிப் பொருள் கண்ட பரம்பரையினர்க்கு இவ்வித்தை புதிதன்று.

நிதானமாகப் படித்தலுக்கு நம் ஊரே பெயர் பெற்றது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வண்ணார்பேட்டையிலிருந்த தம் இல்லத்தில் வட்டத்தொட்டியில் அன்பர்களைக் கூட்டி, கம்பன் பாடல் ஒன்றையே எடுத்து நெடுநேரம் அநுபவித்தார் என்பதை யார் அறியார்? இனி, பிற பாஷையைக் கற்றவர்க்கும் இவ்வூர் சான்று. 1841-இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். சாயர்புரத்தில் பணி புரிந்த போப், 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தார். அவர்கள் நம் பாஷைக்குப் பிறந்தவர்களா? "எனக்குத் தமிழ் வராது" என்று அவர்கள் கப்பலேறித் திரும்பியதுண்டா?

இனிக் காரியத்துக்கு வருவோம். பரீட்சைக்குச் செல்வோர் ஆறு மாதத்திற்கு முன்னரே தொடங்குதல் நலம். முதலாவது, பரீட்சை நடத்துவோரே இலவசமாகத் தரும் இரண்டு மாதிரிப் பரீட்சைகளுள் ஒன்றை, ஒன்றும் படிக்குமுன்னரே கடிகாரம் வைத்து எழுதுக. தன் நிலை தெரியும். மற்றொன்றை இறுதி மாதத்திற்கு வைத்துக்கொள்க. இரண்டாவது, நாள்தோறும் ஒரு பத்தி மெதுவாகப் படித்து, மாலையில் அதனை வீட்டில் ஒருவர்க்குத் தமிழில் சொல்லுக. மூன்றாவது, படித்த இடத்திலிருந்தே நாளொன்றுக்குப் பத்துச் சொற்கள் எடுத்து, அவை நின்ற வாக்கியத்தோடு எழுதுக. மறுநாளும், மூன்றாம் நாளும், அடுத்த வாரமும் திரும்பப் பார்க்க. நான்காவது, தவறிய வினாக்களுக்கு ஒரு பேரேடு வைத்து, தவறியது சொல் அறியாமையாலா, திரும்பு சொல்லைக் காணாமையாலா, பத்தியில் இல்லாததைத் தாமே சேர்த்துக்கொண்டமையாலா, அவசரத்தாலா என்று குறிக்க. ஒரு மாதத்தில் தம் குற்றம் எது என்பதை அப்பேரேடே சொல்லும்.

பரீட்சை நாளில் ஒரு வினாவுக்குச் சராசரி ஒன்றரை நிமிஷமே உண்டு. சிறு வாக்கியங்களை ஒரு நிமிஷத்தில் முடித்து, மிஞ்சியதைப் பத்திகளுக்குக் கொடுக்க. கடினமானதைக் குறித்துவைத்து, அப்பிரிவு முடியுமுன் திரும்பி வரலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆதலின் எதையும் வெறுமனே விடற்க. நம் தேசத்து ஐ.ஐ.எம். நுழைவுக்குரிய கேட் பரீட்சை இதற்கு மாறு. அங்கே தெரிந்தெடுக்கும் வினாவில் தவறினால் ஒரு மதிப்பெண் குறையும் என்பதை இரண்டையும் எழுதுவோர் மறவாதிருக்க. முதன்முறை தாழ்ந்தாலும் கலங்க வேண்டா. 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம்; பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முறை வரை இடமுண்டு; எந்த முறைக்குரிய மதிப்பெண்ணை அனுப்புவது என்பதும் எழுதியவர் விருப்பமே. மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. 2020-க்குப் பின் பல கலாசாலைகள் இப்பரீட்சையைக் கட்டாயம் என்பதினின்று நீக்கியுள்ளன. விரும்பும் துறை கேட்கின்றதா என்பதை விசாரியாமல் பணம் கட்டற்க. வயலை ஒற்றி வைக்கவும் விரையற்க. ஆயினும் பரீட்சை வேண்டாத இடத்திலும் இப்படிப்புப் பழக்கம் வீண்போகாது. மேற்படிப்பு என்பதே, அறியாத விஷயத்தைப் பற்றி அறியாத ஒருவர் எழுதியதைப் படித்து, அவர் கருத்தைத் திரிக்காமல் சொல்லக் கற்றலன்றோ?

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறுதோறும் மாலை இரண்டு மணி நேரம் நம் கட்டிடத்து மேல்மாடியை இதற்கென ஒதுக்கவேண்டும். பத்துப் பிள்ளைகள், ஒரு பத்தி, பெரியவர் ஒருவர்; இவ்வளவே தேவை. அப்பெரியவர் ஆங்கிலத்தில் வல்லவராயிருக்க வேண்டுமென்பதில்லை. கேள்வி கேட்கும் பொறுமை உடையவராயிருந்தால் போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம்மிற் பலர் உளர். பெண் பிள்ளைகள் பொழுது சாயுமுன் வீடு திரும்பும்படி நேரம் அமைப்போம். அயல் வீட்டுப் பிள்ளைகள், எச்சமூகத்தாராயினும், வந்தால் அவர்களுக்கும் பாய் விரிப்போம். கல்வி பகிர்ந்தால் குறைவதன்று.

முதலிற் சொன்ன பெண்ணின் மதிப்பெண் இன்னும் காலாவதியாகவில்லை. அவள் வயதும் கடந்துவிடவில்லை. அவளுடைய தகப்பனார் இச்சபையில் இருக்கின்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை முதற்பாயில் அவளை உட்காரவைக்குமாறு அவரை வேண்டிக்கொள்ளுகின்றோம்.