கடலடிக் கேபிளும் கடன் பத்திரமும்



மும்பையின் ஹார்பர் ரயில் பாதையிலே செம்பூரைக் கடந்தால் அடுத்து வரும் நிலையம் கோவண்டி. அங்கே தமிழ்க் குடும்பங்கள் வாழும் சந்து ஒன்றில் இரவு ஒன்பது மணிக்குமேல் நாம் நடந்து சென்றால், ஏதேனும் ஒரு வீட்டு வாசலில் ஒரு தாய் அலைபேசியை முகத்தெதிரே பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியா ராசா?" என்று துபாயிலிருக்கும் மகனைக் கேட்பதைக் காணலாம். மகனுடைய முகம் அந்தச் சிறு கண்ணாடியில் தெரிகிறது. அவன் சிரிப்பதும் தெரிகிறது. ஆயினும் அந்த முகம் எவ்வழியாக வந்து சேர்ந்தது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

வானத்து வழியே, செயற்கைக் கோளின் வழியே வந்தது என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. தேசங்களுக்கிடையே நடைபெறும் செய்திப் போக்குவரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட பங்கு கடலுக்கு அடியில்தான் செல்கிறது. அத்தாயின் குரல் அருகிலுள்ள கோபுரத்தை அடைந்து, மண்ணுக்குள் புதைந்த கண்ணாடி இழைகளில் ஓடி, வெர்சோவா போன்ற கடற்கரைகளில் இறங்கி, அரபிக் கடலின் அடித்தரையைக் கடந்து வளைகுடாவில் கரையேறுகிறது. மயிரிழை போன்ற சில கண்ணாடி இழைகள். அவற்றைச் சுற்றிக் காப்பு உறைகள். ஆழ்கடலில் கேபிளின் மொத்தப் பருமன் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் அளவே. இடையிடையே ஒளியைப் பெருக்கும் கருவிகள் உண்டு. அவற்றுக்கான மின்சாரம் கரையிலிருந்தே செல்கிறது. இத்தகைய கேபிளின் ஆயுள் சுமார் 25 ஆண்டுகள் என்று கணக்கிட்டுத்தான் இதனை அமைக்கிறார்கள்.

இந்த அற்புதத்திற்கு ஆகும் செலவோ கோடிக்கணக்கான டாலர். அப்பணத்தை யார் கொடுக்கிறார்கள், எந்த நிபந்தனையின் மீது கொடுக்கிறார்கள், யார் திருப்பிக் கட்டுகிறார்கள் என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை விளங்கிக்கொள்ள நாம் வேறெங்கும் போகவேண்டியதில்லை. நம் வீட்டுக்கு ஒரு பெரிய செலவு வந்தால் என்ன செய்கிறோம்? சேமிப்பு இருந்தால் அதனை எடுக்கிறோம். இல்லையேல் பத்துப் பேராகச் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிறோம். அதற்கும் வழியில்லையெனில் கடன் வாங்குகிறோம். தேசங்கள் கேபிள் போடுவதும் இம்மூன்று வழிகளில்தான்.

முதலில் சீட்டைப் பார்ப்போம். தென்கிழக்கு ஆசியா, மத்தியக் கிழக்கு, மேற்கு ஐரோப்பா ஆகியவற்றை இணைக்கும் ‘சீ-மீ-வீ’ என்னும் கேபிள் வரிசை இவ்வகையைச் சேர்ந்தது. பல தேசத்துத் தொலைபேசி நிறுவனங்கள் பங்கு போட்டு ஒரே கேபிளை அமைத்து, போட்ட பணத்துக்கேற்பப் பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. இதில் கேபிள் எந்த ஒருவருக்கும் தனிச் சொத்தாவதில்லை.

ஆனால் பசிபிக் கடலின் ஒரு சிறு தீவையோ வறிய தேசத்தையோ இச்சீட்டில் சேர்த்துக்கொள்ள யார் முன்வருவார்கள்? மக்கள் தொகை குறைவு, வருமானமும் குறைவு. தனியார் வங்கிகள் அங்கே கடன் கொடுக்கத் தயங்குகின்றன. இந்த இடத்தில்தான் அயல்நாட்டு அரசாங்கம் கடனுடன் வந்து நிற்கிறது.

பப்புவா நியூ கினி என்னும் தேசத்தைப் பாருங்கள். அதன் தலைநகரான போர்ட் மோர்ஸ்பிக்கும், லே என்னும் பெருநகருக்கும் இடையே சாலை கிடையாது, மலைகள் குறுக்கிடுகின்றன. ஆதலின் தன் கடற்கரை நகரங்களைக் கடல்வழியே இணைக்க அத்தேசம் விரும்பியதில் தவறொன்றும் இல்லை. 5,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தக் கேபிளுக்குச் சீன அரசின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி ஏறத்தாழ 27 கோடி டாலர் கடன் அளித்தது. கேபிளை அமைக்கும் வேலை சீன நிறுவனமான ஹுவாவே மரைனுக்குக் கிடைத்தது. 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவும் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் மாற்றுத் திட்டத்துடன் வந்தபோது, வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டதென்றும், செய்த ஒப்பந்தத்தைக் காப்பதே முறையென்றும் அவ்வரசாங்கம் விடையளித்தது. தமிழ்நாட்டில் பிறந்து அத்தேசத்தில் குடியேறிய சசீந்திரன் முத்துவேல் என்பவர் அங்கே அரசு நிறுவனங்களுக்கான அமைச்சராகப் பணியாற்றியவர் என்பதை நேயர்கள் சிலர் அறிந்திருக்கலாம். நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் அத்தேசத்தின் கணக்கையும் சுமக்கிறார்கள்.

இத்தகைய கடனின் இயல்பு யாது? நம் தெரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கடனுக்குச் சரக்குக் கொடுப்பார். வட்டியும் குறைவாகவே இருக்கலாம். ஆனால் சரக்கை அவர் கடையிலேயே வாங்க வேண்டும். வேறு கடையில் விலை விசாரிக்க இயலாது. அரசாங்கக் கடனிலும் பெரும்பாலும் அதே ஏற்பாடுதான். பணம் கடன் வாங்கும் தேசத்தின் கைக்கு வராமலே, கடன் கொடுக்கும் தேசத்தின் நிறுவனத்துக்கு நேரே போய்ச் சேர்வதும் உண்டு. கடன் பத்திரம் மட்டும் வாங்கியவரிடம் தங்குகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கேபிளால் வரும் வருமானம் உள்ளூர் நாணயத்தில். திருப்பிக் கட்டுவதோ டாலரில். உள்ளூர் நாணயத்தின் மதிப்புச் சரிந்தால் கடன் தானாகவே பெருகும். கேபிள் ஈட்டினாலும் ஈட்டாவிட்டாலும், அரசாங்கம் பொறுப்பேற்றிருக்குமாயின் தவணையைப் பொதுமக்களின் வரிப்பணமே செலுத்த வேண்டும்.

இது புதிய கதையன்று. 1859-ஆம் ஆண்டில் சூயஸிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சிக்குத் தந்தி கேபிள் போட ஒரு கம்பெனி முனைந்தது. அதன் முதலுக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு நாலரை வீதம், ஐம்பது ஆண்டுகளுக்கு வருமானம் தருவதாகப் பிரிட்டிஷ் அரசாங்கம் உத்தரவாதம் அளித்தது. கேபிள் வேலை செய்தால்தான் பணம் என்ற நிபந்தனையை எழுத மறந்தார்கள். 1860-லேயே கேபிள் பழுதாயிற்று. ஆண்டுக்கு 36,000 பவுன் வீதம் கருவூலம் அரை நூற்றாண்டுக் காலம் கொடுத்து வந்தது! 1870-ல் ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்னும் பெருங்கப்பல் பம்பாயிலிருந்து ஏடனுக்கு நல்ல கேபிளை இட்டபோது, அந்த வேலையைத் தனியார் முதல் செய்து முடித்தது. பத்திரத்தில் விடுபட்ட ஒரு வாக்கியத்தின் விலையை நாம் இதில் காண்கிறோம்.

அப்படியானால் கடனைவிடத் தானம் மேலானதன்றோ என்று கேட்கலாம். சாலமன் தீவுகளுக்கும் பப்புவா நியூ கினிக்கும் சிட்னியிலிருந்து செல்லும் பவளக் கடல் கேபிளுக்கு ஆஸ்திரேலியாவே பெரும்பங்கு செலவிட்டு, 2019-ஆம் ஆண்டின் இறுதியில் முடித்துக் கொடுத்தது. அதற்கு முன் சாலமன் தீவுகள் ஹுவாவே மரைனுடன் பேசி முடித்திருந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தானத்துக்கும் ஒரு நோக்கம் இருந்தது புலனாகும். தொங்காத் தீவின் கேபிள் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் உதவியால் 2013-ல் அமைந்தது. 2022 ஜனவரி 15-ஆம் நாள் கடலடி எரிமலை வெடித்தபோது அஃது அறுந்தது. ஐந்து வார காலம் அத்தீவினர் உலகத்தோடு செம்மையாகப் பேச இயலவில்லை. தானமாக வந்த கேபிளையும் காக்கவும் செப்பனிடவும் வழி வகுத்திருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

சீட்டுக்குள்ளும் இப்போட்டி நுழைந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்சேய் வரை செல்லும் ‘சீ-மீ-வீ 6’ கேபிளை அமைக்கும் ஒப்பந்தம், குறைந்த விலை கூறிய சீன நிறுவனத்தை விட்டு அமெரிக்க நிறுவனமான சப்காமுக்குச் சென்றது. வழியிலுள்ள தேசங்களின் தொலைபேசி நிறுவனங்களுக்குப் பயிற்சி உதவியாக அமெரிக்க அரசு 38 லட்சம் டாலர் அளிக்க முன்வந்ததையும் ராய்ட்டர் செய்தி நிறுவனம் 2023-ல் வெளியிட்டது. இந்தக் கேபிள் சென்னையிலும் நம் மும்பையிலும் கரையேறியது. கோவண்டித் தாயின் குரல் செல்லும் பாதையை வல்லரசுகளின் கணக்கும் வகுக்கிறது.

மூன்றாவது வழி, சேமிப்பு. சென்னையையும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 1,224 கோடி ரூபாய்ச் செலவில் 2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. கேபிளை இட்டது ஜப்பானிய நிறுவனம். பணமோ நம் அரசாங்கத்தின் பொதுச்சேவை நிதியிலிருந்து வந்தது. அலைபேசி நிறுவனங்கள் தம் வருமானத்திலிருந்து செலுத்தும் பங்கே அந்நிதி. ஆகவே கோவண்டியில் நாம் செலுத்திய கட்டணத்தில் சில காசுகளும் அந்தமானில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் பேச்சைச் சுமக்கின்றன. பெரிய தேசத்திற்கு இது கைகூடிற்று. சிறு தீவுகளுக்கு இவ்வழி எளிதன்று என்பதை மறவாதிருப்போம்.

நம் தேசமும் இன்று கடன் கொடுக்கும் தேசமே. இந்திய ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் மூலம் நாம் பிற தேசங்களுக்கு அளிக்கும் கடனில், பொதுவாக ஒப்பந்தத்தின் முக்கால் பங்குக்குப் பொருளும் பணியும் இந்தியாவிலிருந்தே பெறவேண்டும் என்பது விதி. நாமும் மளிகைக் கடை வைத்திருக்கிறோம்! ஆதலின் பிறரிடம் எதிர்பார்க்கும் நேர்மையை நம்மிடமும் எதிர்பார்ப்பது கடமை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கடனாக வந்த மாட்டின் பல்லை எண்ணியே தீரவேண்டும். வேறு கடையில் விலை கேட்க உரிமை உண்டா? கேபிள் அறுந்தால் தவணை நிற்குமா? செப்பனிடுவோர் யார்? கடன் தீருமுன் கேபிளின் ஆயுள் தீர்ந்துவிடுமா? இந்நான்கு கேள்விகளையும் கேட்டு, விடையை மக்கள் அறிய வெளியிடும் அரசாங்கம் எவரிடம் கடன் வாங்கினும் தலைநிமிர்ந்து நிற்கும். கேளாத அரசாங்கத்தின் பிழைக்கு ஏதோ ஒரு தீவில் மகனோடு பேசக் காத்திருக்கும் ஒரு தாய் விலை கொடுப்பாள். அவளும் நம் கோவண்டித் தாயைப் போன்றவளே.