எழுத்துக்கு விலை சொல்லுங்கள்



இதழியலும் மொழிபெயர்ப்பும் படித்து இன்று பட்டம் பெறும் உங்களில் பலருக்கு மாதச் சம்பள நியமனம் கிடைக்கப்போவதில்லை. வாழ்த்துச் சொல்ல வந்த இடத்தில் இதைச் சொல்வது சங்கடந்தான். ஆனாலும் இங்கே வந்திருக்கும் உங்கள் பெற்றோரின் காதிலும் விழவேண்டும் என்றே சொல்கிறேன். கொழும்பில் தமிழ் நாளேடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1930இல் தொடங்கிய வீரகேசரி, 1932இல் வந்த தினகரன், 1997இல் வந்த தினக்குரல் என்று எண்ணிக்கொண்டு போனால் சீக்கிரம் முடிந்துவிடும். அந்த ஆசிரிய பீடங்களில் வருடத்துக்கு எத்தனை கதிரை காலியாகும்? ஆகவே உங்களில் பெரும்பாலானோர் சுயாதீனமாக எழுதித்தான் வாழப்போகிறீர்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே: வேலையைத் தொடங்கும் முன் விலையைச் சொல்லுங்கள்.

நம்மவரிடம் இதில் ஒரு கூச்சம் இருக்கிறது. சன்மானம் எவ்வளவு என்று கேட்டால் ஆளைக் குறைவாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் இல்லாத ஒருவர் கொட்டாஞ்சேனைப் பக்கம், ஸ்ரீ கதிரேசன் வீதியில் இருந்து இதழ் நடத்தினார். டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் மல்லிகை இதழைத் தொடங்கியபோது முடிதிருத்தும் தொழிலில் இருந்தார். போர்க்காலத்தில் கொழும்புக்கு வந்த பின்னும் இதழை விடவில்லை. மல்லிகைக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து, வாசகருக்கு நேரே நீட்டி, காசைக் கேட்டு வாங்கினார். தண்ணீரும் கண்ணீரும் சிறுகதைத் தொகுதிக்கு சாகித்திய விருது பெற்றவர் அவர். செய்த தொழிலை மறைக்கவும் இல்லை, எழுத்துக்குக் காசு கேட்கக் கூசவும் இல்லை. 2021இல் அவர் மறைந்தபோது எத்தனையோ பேர் அவருடைய இலக்கியத்தைப் பற்றி எழுதினார்கள். எனக்கு அந்த நீட்டிய கைதான் பெரிதாகத் தெரிகிறது.

வேறு தொழிலோடு சேர்த்து எழுதியவர்களும் உண்டு. எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. சில்லையூர் செல்வராசன் எழுத்தையே பல வழிகளில் தொழிலாக்கினார். பத்திரிகை, கவிதை, வானொலி எல்லாம் அவருக்கு ஒரே வீடு. மக்கள் வங்கியின் அனுசரணையில் வானொலியில் போன தணியாத தாகம் நாடகம் அவர் எழுதியது. வங்கி தன் பெயரை மக்களிடம் கொண்டுபோகக் காசு போட்டது, நமக்கு ஒரு நல்ல நாடகம் கிடைத்தது. சிறுகதைக்காரரான காவலூர் ராஜதுரை விளம்பரத் துறையிலும் இருந்தார், பொன்மணி படத்துக்கும் எழுதினார். விளம்பரம் எழுதினால் கை கெட்டுப்போகும் என்று உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். சில விநாடிகளுக்குள் ஒரு குடும்பத்தின் கவலையைச் சொல்லிப் பழகியவர், சிறுகதையில் வீண்வரி எழுதமாட்டார்.

இன்று வேலை எங்கே இருக்கிறது? அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. எல்லாக் கந்தோர்களிலும் அது நடைமுறைக்கு வரவில்லை என்பது உங்களுக்கே தெரியும், பெயர்ப்பலகைப் பிழைகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நீங்கள். அந்தப் பிழை ஒவ்வொன்றும் ஒருவர் செய்யாமல் விட்ட வேலை. வங்கிப் படிவம், காப்புறுதி ஒப்பந்தம், ஆஸ்பத்திரித் துண்டுப்பிரசுரம் எல்லாவற்றுக்கும் தமிழ் வேண்டும்.

மொழிபெயர்ப்பில் எதற்குக் காசு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தாய், மகளின் கனடா விசாவுக்காகப் பிறப்புப் பத்திரத்தை வெள்ளவத்தையில் உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் கொண்டுவருகிறார். பதிவாளர் சிங்களத்தில் எழுதியது. தகப்பன் பெயர் அதில் ஒரு விதம், கடவுச்சீட்டில் இன்னொரு விதம், அடையாள அட்டையில் வேறொரு விதம். நல்ல சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். பத்திரத்தில் உள்ளதை உள்ளபடியே மொழிபெயர்க்கிறார். பிறகு, இந்த வித்தியாசத்துக்கு ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு போங்கள் அம்மா என்று சொல்லி அனுப்புகிறார். விசா மறுக்கப்படாமல் காப்பது அந்த அரை மணி நேரம். காசு அதற்குத்தான்.

இப்போது புதிதாக ஒரு பேச்சு வந்திருக்கிறது. "கூகுள்ல போட்டு எடுத்தாச்சு, சும்மா ஒருக்கா பார்த்துத் தாங்கோ." சும்மா பார்க்காதீர்கள். மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டிய வேலை அது, மணித்தியாலக் கணக்கில் விலை சொல்லுங்கள். இயந்திரம் முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவதில்லை. பிழைக்குப் பொறுப்பு உங்கள் தலையில்தான் வரும்.

விலையை வாயால் சொல்லிவிட்டு இருந்துவிட வேண்டாம். என்ன வேலை, எத்தனை சொல், என்றைக்குத் தருவீர்கள், எத்தனை தடவை திருத்துவீர்கள், முற்பணம் எவ்வளவு, மீதி எந்தத் திகதிக்குள் என்று அரைப் பக்கம் எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். "சரி" என்ற பதில் வந்த பிறகு கணினியைத் திறவுங்கள். வேலையைக் கொடுத்த அன்றே இன்வொய்ஸும் போகவேண்டும். 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தையும் ஒரு தரம் படித்து வையுங்கள். பதிப்புரிமை எழுதியவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்து 70 ஆண்டுகள் வரையும் நிற்கிறது. முழு உரிமையும் எமக்கே என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால், நீங்கள் விற்பது ஒரு கட்டுரையைவிடப் பெரிய ஒன்று. விலையும் அதற்கேற்ப ஏறட்டும்.

செய்தி எழுதப்போகிறவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. பத்திரிகை அடையாள அட்டை இல்லாத குடிமகனும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்தத் தொழிலுக்கு இந்த நாட்டில் கொடுக்கப்பட்ட விலையை மறக்கவேண்டாம். 2004 மே மாதம் மட்டக்களப்பில் பத்திரிகையாளர் அய்யாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 ஏப்ரலில் தராகி என்ற பெயரில் எழுதிய சிவராமை பம்பலப்பிட்டியில் இருந்து கடத்திக் கொன்றார்கள். சுயாதீனமாக வேலை செய்பவருக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நிற்பதில்லை. எங்கே போகிறீர்கள், யாரைச் சந்திக்கிறீர்கள் என்று உங்களுக்குள் ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள். இதை மிகவும் வருந்திக் கேட்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை. நாம் வாங்கும் விலையை ஒருவருக்கொருவர் ஒளிக்கிறோம். வேலை கொடுப்பவர் அதை வைத்துத்தான் ஒருவரைக் காட்டி இன்னொருவரைக் குறைக்கிறார். இன்று தேநீருக்குப் போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பக்கத்துக்கு எவ்வளவு வாங்குகிறாய் என்று கேளுங்கள். நீங்கள் வாங்குவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு குறைந்தபட்ச விலையை எழுதி வையுங்கள். சாமான் விலை ஏற அதையும் திருத்துங்கள். அடுத்த வருடம் வரும் தம்பி தங்கச்சிமாருக்கு அந்தத் தாளைக் கொடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அதற்குக் கீழே நானும் வாங்கமாட்டேன்.