மின்சாரம் போடும் கணக்கு



பேச்சைக் கேட்டு எழுதும் யந்திரம், முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் யந்திரம் என்று இன்று ஏராளமாய் வந்துவிட்டன. இவைகளைக் கண்டு நம் மக்கள் இரண்டு விதமாய் நடந்து கொள்ளுகின்றார்கள். ஒரு சாரார் ஆயுத பூசையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டுகின்றார்கள். மற்றொரு சாரார் "இதற்குள் ஏதோ ஆவி புகுந்திருக்கின்றது" என்று மலைத்துப் போகின்றார்கள். இரண்டும் ஒன்றேதான். இருவரும் "இது எப்படி நடக்கின்றது?" என்று கேட்பதில்லை. அதைத்தான் நாம் இன்று கேட்கப் போகின்றோம்.

இந்த யந்திரங்கள் செய்யும் வேலையில் பெரும் பாகம் என்ன? பெருக்கலும் கூட்டலும்தான். ஒரு படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் ஓர் எண்ணால் பெருக்கி, வந்ததையெல்லாம் கூட்டி, அந்தத் தொகையைக் கொண்டு யந்திரம் ஒரு முடிவு சொல்லுகின்றது. அந்த எண்ணுக்கு எடை என்று பெயர். முடிவு தப்பாகுமானால் எடையைத் திருத்துகின்றார்கள். இப்படிப் பல தடவை திருத்துவதற்குத்தான் யந்திரத்துக்குக் கற்பித்தல் என்று பெயர்.

1960-ல் அமெரிக்காவில் பிராங்க் ரோசன்பிளாட் என்பவர் காட்டிய பெர்செப்ட்ரான் யந்திரத்தில் 400 ஒளிக் கண்கள் இருந்தன. அதன் எடைகள் ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு போன்ற திருகுகளே. யந்திரம் தப்புச் செய்தால் சிறு மோட்டார்கள் அத்திருகுகளைத் திருப்பும். தோழர்களே, இதைக் கவனியுங்கள். அந்தத் திருகில் எந்தப் பிரம்மாவும் தலையெழுத்து எழுதிவிடவில்லை. தப்பு என்று தெரிந்தால் திருப்பலாம் என்பதே அதன் யோக்கியதை.

இப்பொழுது செலவுக்கு வருவோம். நமது மூளை சுமார் 20 வாட் சக்தியில் வேலை செய்கின்றது. இந்த வேலைக்கென்று செய்த எச்-100 என்னும் ஒரு சிப் மட்டும் 700 வாட் வரை தின்னும். அப்படிப்பட்ட சிப்புகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்து வேலை வாங்குகின்றார்கள். ஏன் இவ்வளவு செலவு? நெல் ஒரு தெருவில், தராசு வேறொரு தெருவில் இருந்தால், நிறுக்கிற கூலியைவிடச் சுமக்கிற கூலி அதிகமாகுமல்லவா? எண்கள் இருக்கும் இடம் வேறு, கணக்குப் போடும் இடம் வேறாகவே கம்ப்யூட்டர் கட்டப்பட்டிருக்கின்றது. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-ல் எடுத்துக் காட்டிய கணக்குப்படி, ஓர் எண்ணைப் பெருக்க ஆகும் சக்தியைவிட, அதை வெளி நினைவகத்திலிருந்து கொண்டு வர ஆகும் சக்தி நூறு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் எண் இருக்கும் இடத்திலேயே கணக்கைப் போட்டால் என்ன? அதற்குத்தான் அனலாக் என்னும் முறை. இது நம் விவசாயத் தோழர்களுக்குச் சுலபமாய் விளங்கும். மடையை எவ்வளவு திறந்திருக்கின்றோம், தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கின்றது என்ற இரண்டையும் பொறுத்துத்தானே பாய்ச்சல் இருக்கும்? மின்சாரத்திலும் அப்படியே. கம்பி இடம் கொடுக்கும் அளவையும் மின் அழுத்தத்தையும் பெருக்கினால் வருவதே ஓட்டம். இதை 1827-ல் எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஓம். பல வாய்க்கால்கள் ஒரு வாய்க்காலில் விழுந்தால் தண்ணீர் தானே கூடிவிடும். மின் ஓட்டமும் அப்படிக் கூடும் என்று 1845-ல் சொன்னவர் கிர்க்காப். ஆகவே எடையை மடையின் திறப்பாக வைத்துவிட்டால், பெருக்கலைக் கம்பி செய்யும், கூட்டலைச் சந்திப்பு செய்யும். சுமை தூக்க ஆள் வேண்டியதில்லை.

இந்த ஓம் யார்? பூட்டுச் செய்யும் தொழிலாளியின் மகன். அவர் புஸ்தகம் எழுதியபோது அவர் நாட்டுப் பண்டிதர்களில் பலர் மதிக்கவில்லை. ஆனாலும் 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. நம் மனுதர்மப்படி பார்த்தால் அவர் பிறப்பு அவரைப் பூட்டோடு நிறுத்தியிருக்கும், உலகம் ஒரு விதியை இழந்திருக்கும். இந்நாட்டில் அப்படி எத்தனை ஓம்களைப் பட்டறையிலும் வயற்காட்டிலும் புதைத்தோமோ, யார் கணக்குச் சொல்லுவார்கள்?

சக்தியை இன்னும் குறைக்க வழி காட்டியவர் கால்டெக் கலாசாலையின் கார்வர் மீட். டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்துக்குக் கதவு. கதவை மூடிய பின்பும் கொஞ்சம் கசியும். மற்றவர்கள் கசிவு என்று வெறுத்ததை இவர் வேலைக்கு அமர்த்தினார். அந்த நிலையில் மின் அழுத்தத்தைச் சிறிதளவு கூட்டினாலே ஓட்டம் பத்து மடங்காகும். மிகச் சிறிய ஓட்டத்திலேயே கணக்கு முடியும். உயிர்நூல் படித்த மிஷா மஹோவால்டு என்னும் பெண்மணி அவருடன் சேர்ந்து, 1980-களின் கடைசியில், கண்ணின் விழித்திரையைப் போல் வேலை செய்யும் சிப்பை உண்டாக்கினார். பெண்ணுக்கு அடுப்பங்கரையே போதுமென்பவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

இதில் குற்றமே இல்லையா என்றால், உண்டு. ஒரே மாதிரி செய்த இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. சூடு ஏறினால் கணக்கு மாறும். வைத்த எடை நாளாக ஆக நகரும். விடையை மறுபடியும் டிஜிட்டல் எண்ணாக மாற்றும் உறுப்பே மிச்சம் பிடித்த சக்தியில் நல்ல பங்கைத் தின்றுவிடும். இவைகளை நாம் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. செய்தவர்களே அளந்து அச்சிட்டிருக்கின்றார்கள். பரிகாரமும் அவர்களே தேடுகின்றார்கள். கற்பிக்கும்போதே வேண்டுமென்று தப்புகளைக் கலந்து கற்பித்தால், பின்னால் தப்பு வந்தாலும் யந்திரம் தாங்கிக் கொள்ளும் என்று கண்டிருக்கின்றார்கள். 2023-ல் ஐபிஎம் கம்பெனியார் 34 பகுதிகளில் 35,000,000 நினைவு உறுப்புகள் கொண்ட அனலாக் சிப் ஒன்றைப் பேச்சை எழுத்தாக்கும் வேலையில் வைத்துக் காட்டினார்கள். அதிலும் சில கணக்குகளைச் சிப்புக்கு வெளியேதான் செய்ய வேண்டியிருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

இதுதான் தோழர்களே வித்தியாசம். "எங்கள் சாஸ்திரத்தில் தப்பே கிடையாது" என்கின்றவன் ஆயிரம் வருஷமாய் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. "எங்கள் சிப்பில் இவ்வளவு தப்பு இருக்கின்றது" என்கின்றவன் வருஷத்துக்கு வருஷம் முன்னேறுகின்றான். "இதெல்லாம் அன்றே எங்கள் ரிஷிகளுக்குத் தெரியும்" என்று யாராவது சொல்ல வந்தால், நாம் கோபிக்க வேண்டியதில்லை. "அப்படியா, எத்தனை வாட்?" என்று மாத்திரம் கேட்போம்.

செலவு குறைந்தால் என்ன லாபம்? காது கேளாதவன் காதில் வைக்கும் சிறு கருவியிலும், ஏழையின் கைப்பெட்டியிலும் இந்த வித்தை வந்து சேரலாம். மின்சாரத்தை மலை மலையாய் வாங்கக்கூடிய சில முதலாளிகளின் கட்டிடத்துக்குள்ளேயே அது அடைபட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் அது தானாய் வராது. கேள்வி கேட்கும் பிள்ளைகள் நமக்கு வேண்டும்.

ஆகவே, வருகிற ஆயுத பூசையன்று உங்கள் வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கப் போனால், அந்தக் குங்குமக் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு ஒரு திருப்புளியைக் கையில் கொடுத்து, "உள்ளே என்ன இருக்கின்றது என்று பார்த்துச் சொல்" என்று கேளுங்கள்.