மூன்று கை தண்ணீரும் நானூறு இலையும்



'குடும்ப விழாவின் மகிழ்ச்சி ஊரைக் கூட்டி நடத்துவதிலா, உறவோடு அளவாக நடத்துவதிலா?' இதுதானே தலைப்பு? எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் கல்யாணம், காதுகுத்து என்று ஆரம்பித்து ஞானஸ்நானத்துக்கு வந்தார். "ஆயிரம் பேர் வாழ்த்தினால்தானே ஐயா பிள்ளைக்கு ஆசீர்வாதம்?" என்று கேட்டார். கைதட்டலை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். நான் அந்த ஞானஸ்நானத்தை விட்டு நகரப் போவதில்லை. கத்தோலிக்கர்கள் திருமுழுக்கு என்பார்கள். பெயர் எதுவானாலும் தேவைப்படுவது என்ன? ஒரு பிள்ளை, பெற்றவர்கள், ஞானப்பெற்றோர், ஒரு போதகர், மூன்று கை தண்ணீர். வாழை இலை அந்தப் பட்டியலிலேயே இல்லை, நடுவர் அவர்களே!

ஆம்பூர் பெதஸ்தா ஆஸ்பத்திரியைக் கட்டியது லுத்தரன் மிஷன் என்பது உங்களுக்குத் தெரியும. அந்த லுத்தர் பிறந்தது 1483 நவம்பர் 10. ஞானஸ்நானம் எப்போது தெரியுமா? மறுநாளே! நவம்பர் 11. அன்றைக்குப் புனித மார்ட்டின் திருநாள். அதனாலே பிள்ளைக்கு மார்ட்டின் என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒரே ராத்திரியிலே அந்தத் தகப்பன் எங்கே போய் மண்டபம் பிடிப்பார்? பத்திரிகை அடிப்பார்? பேனருக்குப் போட்டோ எடுப்பார்? (சிரிப்பு)

நம்ம ஊருக்கு வருவோம். சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியிலே வந்து இறங்கியது 1706 ஜூலையிலே. அடுத்த வருஷம் மே 12ஆம் தேதி முதல் ஞானஸ்நானம். எத்தனை பேருக்கு? ஐந்து பேருக்கு. டேனிஷ்காரர் வீடுகளிலே அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களுக்கு யார் ஐயா மொய் எழுதியிருப்பார்கள்? ஆனால் தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்டு சபையின் வரலாற்றை எழுத உட்காருகிறவர் அந்த ஐந்து பேரைத் தாண்டிப் போக முடியாது.

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத் தொகுப்பு 1983ஆம் ஆண்டு வந்தது. ஞானப்பெற்றோர் ஒருவர் போதும், மிஞ்சினால் இருவர் என்கிறது அது. திருமுழுக்குப் பதிவேட்டிலே என்ன எழுத வேண்டும் என்றும் சொல்கிறது. பிள்ளையின் பேர், பெற்றோர் பேர், ஞானப்பெற்றோர் பேர், கொடுத்த குருவின் பேர், பிறந்த தேதி, இடம். சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது!

இனி இந்த ஊர்க் கதை. என்னிடம் படித்த பையன் ஒருவன் ஷூ கம்பெனியிலே கணக்கு எழுதுகிறான். மனைவி அப்பர் தைக்கிற பிரிவிலே. விடியற்காலையிலே கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு. முதல் பிள்ளை ஞானஸ்நானத்துக்கு நானூறு இலை போட்டான். மண்டபம், மேளம், வீடியோ எல்லாம் உண்டு. "அண்ணன் வீட்டிலே செய்தார்களே, நாம் செய்யாவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற ஒரே கேள்விதான் காரணம். ஒரு லட்சம் கடன், அஞ்சு வட்டி. கணக்குப் போடுங்கள். மாசம் ஐயாயிரம், வருஷம் அறுபதாயிரம், அசல் அப்படியே நிற்கும். கந்துவட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் கோட்டையிலே இருக்கிறது, வட்டிக்காரர் வாசலிலே நிற்கிறாரே! அந்தப் பெண் இரண்டு வருஷம் ஓவர்டைம் பார்த்தாள். யாருக்காக விழா எடுத்தார்களோ அந்தப் பிள்ளையைத் தூங்கும்போதுதான் பார்த்தாள்.

"மொய் வந்து சரிக்கட்டிவிடும்" என்றார் எதிரணியிலே ஓர் அம்மா. தாயே, மொய் என்ன வருமானமா? நோட்டுப் போட்டு எழுதி வைத்த கடன்! இன்றைக்கு ஐந்நூறு வாங்கினால் நாளைக்கு மேலே ஒரு நூறு வைத்துத் திருப்ப வேண்டும். வள்ளுவர் கடன் என்ற சொல்லைக் கடமை என்ற பொருளிலே ஆண்டார். நாம்தான் அதைக் கடைசியிலே அஞ்சு வட்டியிலே கொண்டுவந்து விட்டோம்.

வள்ளுவரைத் தொட்டதாலே சொல்கிறேன். "விருந்தோம்பல் தமிழன் பண்பாடு" என்று மேசையைத் தட்டினார் எதிரணித் தலைவர். உண்மைதான். அதிகார வரிசையைப் பாருங்கள். மக்கட்பேறு 7ஆவது, விருந்தோம்பல் 9ஆவது. நடுவிலே 8ஆவது என்ன? அன்புடைமை! பிள்ளையிலிருந்து நேரே பந்திக்குத் தாவினால் நடுவிலே ஓர் அதிகாரம் விட்டுப் போகிறதே ஐயா! (கைதட்டல்)

அதே பையனுக்கு இரண்டாவது பிள்ளை. "ஐயா, இந்தத் தடவை பதினெட்டுப் பேர்தான், நீங்கள் வரவேண்டும்" என்றான். போனேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலேயே ஞானஸ்நானம். கிண்ணத்திலே ஊற்றியது கேன் தண்ணீர். ஏன் கேன் தண்ணீர் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பாலாற்றுப் பக்கம் தோல் கழிவு நீர் செய்த வேலையைப் பற்றி 1996 ஆகஸ்ட் 28இலே உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பயிருக்கு ஓரளவோ முழுவதுமோ உதவாமல் போயிற்று என்று அதிலே இருக்கிறது. தண்ணீரை விலைக்கு வாங்குகிற ஊரிலே நானூறு பேர் கை கழுவ டேங்கர் லாரி வேறு வர வேண்டும்!

"அளவாக என்றால் அக்கம்பக்கத்தை ஒதுக்குவதா?" என்று கேட்பார்கள். அந்தப் பதினெட்டிலே ஒருவர் பக்கத்து வீட்டு இஸ்லாமிய அம்மா. தாய் கம்பெனிக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்தான். பிள்ளைகளுக்கு அவர் 'நானி'. பிரியாணி தேக்சாவே அவர் வீட்டிலிருந்து வந்ததுதான். மண்டபத்திலே நடந்தபோது அவர் எங்கே இருந்தார் என்று கேட்டேன். "கடைசிப் பந்தியிலே உட்கார்ந்து சாப்பிட்டுப் போனேன் சார், பிள்ளை முகத்தையே பார்க்கவில்லை" என்றார்.

பையனுடைய அப்பா டேனரியிலே வேலை பார்த்தவர். நாற்பது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியிலும் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் ஊறிய கை. மண்டபத்துக் கூட்டத்திலே அந்தக் கையை மடித்துக் கக்கத்திலே வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையிலே உட்கார்ந்திருந்தாராம். வெள்ளைச் சட்டைக்காரர்கள் நடுவிலே பிள்ளையைக் கேட்கக் கூச்சம். இந்தத் தடவை மருமகள் நேரே வந்து, "மாமா, நீங்கள் பிடியுங்கள்" என்று மடியிலே வைத்தாள். மனிதர் பேசவில்லை. பிள்ளை அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. ஒரு மணி நேரம் அவர் கையை அசைக்கவே இல்லை. "சாப்பிட வாங்க" என்று இரண்டு முறை கூப்பிட்டார்கள், தலையை மட்டும் ஆட்டினார்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிட்டேன். சீரகச் சம்பா மூன்று கிலோ, கத்தரிக்காய்த் தொக்கு, தயிர்ப் பச்சடி. பெரியவருக்கு ஒரு தட்டு எடுத்து மூடி வைத்தார்கள். நான் இன்னொரு கரண்டி கேட்டேன், "தேக்சா காலி சார்" என்று சொல்லிவிட்டார்கள்!