மூன்றில் ஒரு பங்கு



இந்த ரொறன்ரோவில் பழம் கடைகளில் மட்டுமா இருக்கிறது? வீடுகளின் பின்வளவுகளில் அப்பிளும் பேரிக்காயும் புளிப்புச் செரியும் மல்பெரியும் காய்த்துக் கொட்டுகின்றன. இத்தாலியிலிருந்தும் போர்த்துக்கலிலிருந்தும் வந்த குடும்பங்கள் ஆசையோடு வைத்த மரங்களும் அவற்றில் உண்டு. வைத்தவருக்கு வயதாகிவிட்டது, ஏணியில் கால் வைக்கப் பயம். நன்றாக வளர்ந்த பெரிய அப்பிள் மரம் ஒரு பருவத்தில் 100 கிலோவுக்கு மேலும் தரும். ஒரு வீடு எவ்வளவைத்தான் தின்னும்? மிச்சம் புல்லில் விழுந்து குளவி மொய்க்கிறது. இரண்டு தெரு தள்ளி உணவு வங்கி வரிசையில் நிற்கும் தாய் தகரத்தில் அடைத்த பழத்தை வாங்கிக்கொண்டு போகிறாள்.

பழமும் இருக்கிறது, பசியும் இருக்கிறது. நடுவில் பறிக்கக் கைதான் இல்லை. அந்தக் கைகளைச் சேர்க்க 2008இல் இந்த நகரத்தில் தொடங்கப்பட்டதுதான் 'நொட் ஃபார் ஃப்ரொம் த ட்ரீ' என்ற அமைப்பு. தொடக்கியவர் லோரா ரெயின்ஸ்பரோ என்ற இளம்பெண். மரத்துக்காரர் மரத்தைப் பதிவு செய்வார். தொண்டர்கள் ஏணியோடு வந்து பறிப்பார்கள். பறித்ததில் ஒரு பங்கு வீட்டுக்காரருக்கு, ஒரு பங்கு பறித்தவர்களுக்கு, ஒரு பங்கு அக்கம்பக்கத்து உணவு வங்கிக்கும் சமூகச் சமையற்கூடத்துக்கும்.

தொண்டு செய்ய வந்தவனுக்கு எதற்குப் பங்கு என்று கேட்பீர்கள். என் பேச்சே அதைப் பற்றியதுதான். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போகிறவன் தன்னை வள்ளல் என்று நினைக்கத் தொடங்குகிறான். வாங்குகிறவன் தலை குனிகிறான். இங்கே மூவரும் ஒரே மரத்துப் பழத்தைத் தின்கிறார்கள். யாரும் யாருக்கும் பிச்சை போடவில்லை. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இது புதிதா? கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுத்தால் வேலிக்கு மேலால் அயல்வீட்டுக்கு ஒரு பை போகும். பழம் பறிக்கக் கொக்கத்தடி பிடித்த பொடியனுக்கு அவன் பங்கு தனியாகப் போகும். அதைத் தருமம் என்று யாராவது சொன்னோமா?

பழம் பறிக்க வந்தால் தொழிலும் படிப்பீர்கள். பேரிக்காய் மரத்திலேயே பழுக்கட்டும் என்று விட்டால் வெளியே பொன்னாக இருக்கும், உள்ளே அழுகியிருக்கும். முற்றிய காயை உள்ளங்கையில் ஏந்தி மெல்லக் கிடையாக உயர்த்த வேண்டும். காம்பு 'டக்' என்று விட்டால் பறிக்கலாம். விடாவிட்டால் இன்னும் நாள் இருக்கிறது. பிறகு வீட்டில் வைத்துப் பழுக்க வைக்கலாம். மல்பெரிக்கு அந்தப் பொறுமை வேண்டாம்; கீழே துணியை விரித்துக் கிளையை உலுப்பினால் போதும். பிள்ளைகளை அந்த வேலைக்கு விடுங்கள். வாயும் சட்டையும் ஊதாவாகிவிடும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் பழத்தைத் தின்று யாருக்காவது வயிறு கெட்டால் வழக்கு வருமே" என்று ஒரு பயம் இருக்கிறது. ஒன்ராறியோவில் உணவு நன்கொடைக்கென்றே 1994இல் ஒரு சட்டம் வந்துவிட்டது. நல்ல மனதோடு நல்ல உணவைக் கொடுத்தவரை அது காப்பாற்றுகிறது. கெட்டது என்று தெரிந்தும் தீங்கு நினைத்தோ அசட்டையாகவோ கொடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே ஸ்காபரோவில் வீடு வாங்கியிருக்கும் உறவுகளே, வளவைக் கூட்டுவது கரைச்சல் என்று காய்க்கிற மரத்தைத் தறித்துவிடாதீர்கள். மரம் உள்ளவர்கள் மரத்தைப் பதிவு செய்யுங்கள். மாடிக்குடியிருப்பில் இருப்பவர்கள் உங்கள் இரண்டு கைகளைப் பதிவு செய்யுங்கள். ஏணி ஏற முடியாத அம்மாமாருக்கும் வேலை உண்டு: அடிபட்ட பழத்தைப் பிரித்தெடுக்கவும் ஜாம் காய்ச்சவும் உங்களை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? ஜூனில் தொடங்கி ஒக்டோபர் வரை பழம் ஓயாது. இந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமையை ஒரு மரத்துக்குக் கொடுங்கள். உங்கள் பங்கையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு போங்கள்.