வலியை மறைத்து வேலைக்குச் செல்லும் பெண்கள்

(வெக்ஸ்போர்டில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய அவைக்கான உரை)



விடியற்காலையில் வெக்ஸ்போர்டின் லோறன்ஸ் அவெனியூவில் 54ஆம் இலக்கப் பேருந்துக்குக் காத்து நிற்போருள் தமிழ்ப் பெண்களும் உளர். தொழிற்சாலை, பண்டகசாலை, முதியோர் இல்லம், கோப்பிக்கடை என அவர்கள் செல்லுமிடங்கள் வேறுபடும். சிலரின் கைப்பையில் மதிய உணவுடன் வலி மாத்திரையும் இருக்கும். மாதந்தோறும் அடிவயிற்று நோவைப் பொறுத்துக்கொண்டே அவர்கள் எட்டு மணிநேரம் நின்று வேலை செய்கின்றனர். மேற்பார்வையாளர் கேட்டால் "தலையிடி" என்பர். வீட்டில் கேட்டாலும் அதுவே பதில்.

அந்த நோவுக்குப் பல வேளைகளில் காரணமாக இருப்பது என்டோமெற்றியோசிஸ் என்னும் நோய். கருப்பையின் உட்சுவரை ஒத்த இழையம், சூலகம், பலோப்பியன் குழாய், குடல், சிறுநீர்ப்பை முதலிய இடங்களில் வளர்வதே இந்நோய். அவ்விடங்களில் அழற்சியும் தழும்பும் உண்டாகின்றன. மாதவிலக்கின்போது கடும் வலி, மலங்கழிக்கும்போது வலி, தாம்பத்திய உறவில் வலி, தீராத களைப்பு, சிலருக்குப் பிள்ளைப்பேற்றில் தடை என்பன இதன் அறிகுறிகள். இது தொற்றுநோயன்று; புற்றுநோயுமன்று. உலகில் ஏறத்தாழ 19 கோடிப் பெண்கள், அதாவது இனப்பெருக்க வயதினருள் பத்தில் ஒருவர், இந்நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

மகள் பருவமடைந்தால் மண்டபம் எடுத்து, உறவினரை அழைத்து, சாமத்தியச் சடங்கு செய்யும் சமூகம் தமிழ்ச் சமூகம். ஆயின் அதே மகள் மாதந்தோறும் பாடசாலைக்குச் செல்ல முடியாமற் சுருண்டு கிடக்கையில், "பெண் பிறந்தால் இதெல்லாம் இருக்கும்" என்று கூறுவதும் அதே சமூகந்தான். "கலியாணம் கட்டினால் சரிவரும், பிள்ளை பிறந்தால் மாறிவிடும்" என்ற ஆறுதலும் உண்டு. திருமணமோ மகப்பேறோ இந்நோய்க்கு மருந்தல்ல. வைத்தியர் எழுதிக் கொடுத்த ஓமோன் மாத்திரையைக் கருத்தடை மாத்திரை என்று அஞ்சி நிறுத்துகின்ற தாய்மாரும் உளர். அம்மாத்திரை இங்கே வலியையும் இரத்தப்போக்கையும் கட்டுப்படுத்தவே கொடுக்கப்படுகின்றது. நிறுத்துவதாயின் வைத்தியரைக் கேட்டே நிறுத்த வேண்டும்.

குடும்ப வைத்தியரிடம் "வயிற்றுவலி" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த நாளில் வலி தொடங்கியது, எத்தனை மாத்திரை எடுக்க நேர்ந்தது, எத்தனை நாள் வேலையோ வகுப்போ தவறியது என்பவற்றை மூன்று மாதங்கள் குறித்துக் காட்டுவது நன்று. ஸ்கான் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிடினும் நோய் இல்லையென்று முடிவுசெய்ய இயலாது. வலி தொடர்ந்தால் பெண்நோயியல் நிபுணரிடம் அனுப்புமாறு கேட்கலாம். வலிநிவாரணி, ஓமோன் மருந்து, சத்திரசிகிச்சை ஆகியவற்றால் நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கலாம். முற்றாக நீக்கும் மருந்து இதுவரை இல்லை. அதனாலேயே வேலையையும் நோயையும் ஒருங்கே சமாளிக்கும் வழியை அறிந்திருத்தல் அவசியமாகின்றது.

ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டக்கோவை, நாட்பட்ட நோயால் இயலாமைக்கு உள்ளாவோருக்கும் வேலைத்தலத்தில் பாதுகாப்பளிக்கின்றது. தனக்குத் தாங்கொணாத சிரமம் ஏற்படாத அளவுக்கு, தொழிலாளியின் தேவைக்கேற்ப வசதி செய்து கொடுப்பது முதலாளியின் கடமை. இருந்து வேலை செய்ய ஓர் ஆசனம், மலசலகூடத்துக்கு அருகில் இடம், குறுகிய இடைவேளைகள், வேலைநேர மாற்றம் என்பன அத்தகைய வசதிகள். நோயின் பெயரைப் பொதுவாகச் சொல்லத் தேவையில்லை. எதைச் செய்ய இயலாது, எவ்வளவு காலத்துக்கு என்று விளக்கும் வைத்தியரின் கடிதம் பெரும்பாலும் போதுமானது. வேண்டுகோளை எழுத்தில் கொடுத்துப் பிரதியொன்றை வைத்திருத்தல் நலம்.

மாகாணச் சட்டத்தின் கீழ் பணிபுரிவோரிற் பெரும்பாலோருக்கு, இரண்டு வாரம் வேலை செய்த பின், ஆண்டுக்கு 3 நாள் ஊதியமற்ற சுகவீன விடுப்பு உண்டு. முகவர் நிறுவனங்கள் மூலம் வேலை செய்வோருக்கும் இது பொருந்தும். 2024 ஒக்டோபர் 28 முதல் இந்த 3 நாள்களுக்கு வைத்தியச் சான்றிதழ் கேட்க முதலாளிக்கு அனுமதியில்லை. வங்கி போன்ற மத்திய சட்டத்துக்குட்பட்ட நிறுவனங்களில் பணிபுரிவோர் ஆண்டுக்கு 10 நாள் வரை ஊதியத்துடன் கூடிய சுகவீன விடுப்பு பெறலாம். சத்திரசிகிச்சை போன்றவற்றால் நெடுநாள் வேலைக்குப் போக இயலாதவர்கள், 600 மணிநேரம் காப்புறுதிக்குரிய வேலை செய்திருந்தால், தொழிற் காப்புறுதியின் நோய்க்கால உதவியை 26 வாரங்கள் வரை பெறலாம். இதற்கு வைத்தியச் சான்றிதழ் வேண்டும். உரிமையைக் கேட்டமைக்காக ஒருவரைப் பழிவாங்குவது சட்டவிரோதம். மனித உரிமை மீறல் தொடர்பில் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. மனித உரிமைகள் சட்ட உதவி நிலையம் இதற்கு இலவசமாக ஆலோசனை வழங்குகின்றது.

சட்டம் வாசல்வரைதான் வரும். வீட்டுக்குள் செய்ய வேண்டியதைக் குடும்பமே செய்ய வேண்டும். வேலையால் வந்த மனைவி படுத்துவிட்டால், அன்றைய சமையலைக் கணவனோ மகனோ ஏற்பது பெரிய தியாகமன்று. "வரன் தட்டிப் போகும்" என்று மகளின் நோயை மறைப்பதால் சிகிச்சைதான் தாமதமாகும். ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள், தாய் விரும்பினால் அவருடன் வைத்தியரிடம் செல்லலாம். வேலைத்தலத்துக்கான கடிதத்தை எழுதிக் கொடுக்கலாம்.

இன்றிரவு வீடு திரும்பியதும் ஒவ்வொரு தாயும் தன் மகளிடமும், ஒவ்வொரு மகளும் தன் தாயிடமும் ஒரு கேள்வி கேட்கட்டும்: "உண்மையில் அது தலையிடிதானா?"