கிர்நார் வரை காரில்

சாவகப் பெருமக்களே, வந்தவாசியிலிருந்து கர்நாடகம், மகாராஷ்டிரம் வழியாகக் குஜராத்தின் கிர்நார் வரை கோடையில் காரில் செல்வோர், தூரத்தைக் கொண்டு நாளை வகுத்தலாகாது; கதிரவன் மறையுமுன் எங்கு உண்போம் என்பதைக் கொண்டே வகுத்தல் வேண்டும். சென்ற ஆண்டு யாம் அதனை மறந்தமையால், அன்னையார் இரண்டு மாலைகள் உண்ணாதே உறங்கினார். வைகாசியில் ஜுனாகட்டில் கதிரவன் நம்மூரைவிட முக்கால் மணியளவு பிந்தி மறைவது பேருதவி.

சிரவணபெளகொளவில் 600க்கு மேற்பட்ட படிகளை வெறுங்காலுடன் ஏறவேண்டும்; பாறை சுடுமுன் விடியலிலேயே தொடங்குக. கிர்நாரிலோ ஏறத்தாழ 10,000 படிகள். டோலி உண்டு. "நேமிநாதர் பாதம் காணப் பிறர் தோளிலா ஏறுவது?" என்று அன்னையார் மறுத்துவிட்டார், 500ஆம் படியருகே அமர்ந்துகொண்டு எங்களை மேலே அனுப்பினார். வரும் கார்த்திகையில் மீண்டும் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். அவருக்கு அகவை 78.